நட்சத்திரத்துக்கு வாங்கிய அல்வா

ஜூன் 16, திங்கள்

குற்றாலத்தில் சாரலாம். இங்கே பாளையங்கோட்டையில் காற்றும் மண்ணும் மட்டும். கொடியில் போட்ட புடவை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

இன்றைக்கு:
– ஆய்வேடு பைண்டிங். ஐந்து பிரதி. கறுப்பு அட்டை, பொன் எழுத்து.
– முதல் பக்கத்தில் நெறியாளர் சார் பெயருக்கு முன் விட்டுப்போன 'முனைவர்'.
– காஸ் பதிவு.
– செல்வின் கண்ணாடிக்குப் புதுத் தண்டு. (கணவர் கண்ணாடி இல்லாமல் பள்ளிக்கூடம் போய், யார் வீட்டுப்பாட நோட்டில் என்ன மார்க் போட்டாரோ.)

பைண்டிங் கடைக்காரர்: "அக்கா, முதுகுல பேரு மட்டும் போதுமா? டாக்டர்னு சேத்துப் போட்டுருவோமா?" வாய்மொழித் தேர்வு இன்னும் முடியவில்லை என்றேன். "அதெல்லாம் ஆயிரும்லா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, பதினொரு மணி வரைக்கும்.

பதினொன்றுக்கு மேலப்பாளையத்திலிருந்து போன். செய்யதம்மா. என் ஆய்வில் இருந்த மைமூன் அக்காவின் நாத்தனார்.

"டீச்சர், எங்க மதினி ரெண்டு மாசமா மாத்திரையே போடலை. கேட்டா, டீச்சர் நோட்டு இருக்குல்லாங்கா. இப்ப உறக்கமும் இல்ல, சோறும் இல்ல. ஒரு எட்டு வந்து சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பா."

நான் சொன்னதைக் கேட்டதால்தான் இந்த நிலைமை என்று அவளுக்குத் தெரியவில்லை.

இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் மறந்துபோனதாக நடிக்கக் கூடாது.

என் ஆய்வு: வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள், மனச்சோர்வு. பாதிப் பேர் தினமும் சாயங்காலம் ஒரு நோட்டில் அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும். மீதிப் பேர் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று எழுத வேண்டும். முடிவு: நல்லதை எழுதியவர்களுக்குச் சோர்வு குறைந்தது. அதை நம்பி ஓர் அறக்கட்டளை துண்டுத்தாள் அடித்து வீடு வீடாகக் கொடுத்தது. தாளில் உள்ள வாசகம் நான் எழுதியது. 'மருந்து மாத்திரை இல்லாமலே மனம் லேசாகும். ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.'

'மருந்து மாத்திரை இல்லாமலே' என்பதை யாரும் கேட்கவில்லை. வாசகம் எடுப்பாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

காஸ் பதிவு மறந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

காற்று. மினி பஸ்ஸில் நின்றுகொண்டே. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், பாலத்தடியில் துவைக்கிற கூட்டம். ஒருத்தி இன்னொருத்தியிடம்: "அவ மாமியா செத்த பெறவும் அவளுக்குப் பயந்துக்கிட்டுதான் இருக்கா." நல்ல நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மைமூன் அக்கா. வயது நாற்பத்து நான்கு, எட்டாவது வரை படிப்பு, கணவர் கத்தாரில். ஒரே மகளைக் காயல்பட்டினத்தில் கட்டிக் கொடுத்த பிறகு உறக்கம் போயிற்று, ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். என் பட்டியலில் நோட்டு எழுதிய அணியில் ஏழாவது பெயர். அப்போது மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நன்றாகவும் இருந்தார்.

இன்றைக்கு மடியில் பீடி சுற்றும் சொளவு. வெட்டின இலை வெட்டினபடி கிடக்கிறது, தூள் காய்ந்துபோயிருக்கிறது. கை ஓடவில்லை. போன வருஷம் என் முகத்தைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல் கட்டுக் கட்டாகச் சுற்றிய கை.

"செய்யது போன் போட்டாளாக்கும்" என்றார்.

"மாத்திரையை ஏன்க்கா நிறுத்துனீங்க?"

"நீங்க குடுத்த தாள்ல போட்டிருக்குல்லா."

சுவரைக் காட்டினார். துண்டுத்தாளைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு, காலண்டர் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்.

"லேசாச்சாக்கா?" மடத்தனமான கேள்வி. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆகலை. அது என் கோளாறு டீச்சர். நோட்டு எல்லாருக்கும் கேட்டிருக்கு, எனக்கு மட்டும் கேக்கலைன்னா நான் சரியா எழுதலைன்னுதான அர்த்தம்? நல்லது நடந்தாலும் என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கு. என்ன பொம்பள நான்?"

மாத்திரையைத் திரும்ப ஆரம்பியுங்கள் என்றேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. "இன்னும் கொஞ்ச நாளு எழுதிப் பாக்கேன். இப்பம் காலையிலயும் எழுதுதேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்: அக்கா, அந்தத் தாள் பொய்யாக இருக்கலாம்.

சொன்னது: "சாயா நல்லா இருக்குக்கா."

கோழை. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் கண்ணில் தூசியா என்று கேட்டாள். ஆமா என்றேன். இரண்டாவது பொய்.

ஜூன் 18, புதன்

கல்லூரிக்கு லீவு. தலைவலி என்று காரணம்.

பழைய கோப்புகளை எடுத்தேன். நான்கு வருஷக் காகிதம். ஒரு தெள்ளுப்பூச்சி கடித்தது. சரி, கடிக்கட்டும்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கணினி கணக்குப் போட்டு, முடிவு தற்செயலாக இருக்க முடியாது என்று தோன்றுகிற எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் போடும். யாருடைய கணக்கில் நட்சத்திரம் விழுகிறதோ, அவர்கள் அன்றைக்கே அல்வா வாங்கிவர வேண்டும். வாழையிலைத் துண்டில் சுடச்சுட, எல்லாருக்கும். சார் முதல் வாய் எடுப்பார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் சார் ஆய்வாளர் அறைக்கு வருவார், அன்றைக்குத்தான் எல்லாரும் கணக்கை ஓட்டிப் பார்ப்போம். நட்சத்திரம் விழாவிட்டால் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். விழாத வியாழனை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்க அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

நான் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன், வேறு காரணத்துக்காக. 'இன்றும் இல்லை. சே.' எண்ணிப் பார்த்தேன். ஆறு வியாழன். ஒவ்வொரு வியாழனும் அந்த வாரம் கிடைத்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி ஓட்டியிருக்கிறேன். ஏழாவது வியாழன் நட்சத்திரம். அன்றோடு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன்? அல்வா வாங்கியாகிவிட்டதே.

ஒவ்வொரு தடவையும் எத்தனை விஷயம் அளந்தேன் என்றும் பார்த்தேன்:
உறக்கம். பசி. கோபம். தலைவலி. பயம். மறதி. பிள்ளைகளை அடிப்பது. வேலை வேகம். அக்கம்பக்கத்தோடு பேச்சு. தொழுகை அல்லது ஜெபத்தில் மனம் ஒன்றுவது. நம்பிக்கை. மனச்சோர்வு.

பன்னிரண்டு. நட்சத்திரம் கடைசி ஒன்றில் மட்டும். ஆய்வேட்டின் தலைப்பில் அந்த ஒன்று. மற்ற பதினொன்றும் பின்னிணைப்பில்கூட இல்லை.

முறை என்ன சொல்கிறது? நோட்டால் எதுவுமே நடக்கவில்லை என்றே வைத்துக்கொள். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு இருபதில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்றால் நட்சத்திரம். அப்படியானால் ஒன்றுமில்லாத இடத்திலும் இருபது தடவை எட்டிப் பார்த்தால் சராசரியாக ஒரு தடவை விழத்தான் செய்யும். ஒரே ஒரு தடவை பார்க்கிறவருக்குச் சொன்ன கணக்கு அது. நான் பன்னிரண்டு ஜன்னலில் ஏழு வியாழன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தடவைதான் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

இதைத்தான் வருஷாவருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறேன். முதல் வகைப் பிழை: இல்லாததை இருக்கிறது என்று சொல்வது. கரும்பலகையில் கட்டம் போட்டு. ஒரு பிள்ளை கேட்பாள், "மேம், எடுத்துக்காட்டு?" இனி மேலப்பாளையத்துக்குக் கூட்டிப் போகலாம். சுவரில் மாட்டியிருக்கிறது.

மத்தியானம் சாப்பிடவில்லை. செல்வினுக்கு மட்டும் ரசம்.

ஜூன் 19, வியாழன்

வெயில். காற்று நின்றுவிட்டது.

காலையில் ஒரு காரியம் செய்தேன். பெண்களின் வரிசை எண்களைச் சீட்டாகக் கிழித்துத் தூக்குவாளியில் போட்டுக் குலுக்கினேன். குத்துமதிப்பாகப் பாதியை எடுத்து 'நோட்டு அணி' என்று பெயர் வைத்தேன், மீதி 'சமையல் அணி'. உண்மையில் யார் என்ன எழுதினார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பன்னிரண்டு விஷயத்துக்கும் கணக்கை ஓட்டினேன்.

முதல் குலுக்கல்: ஒன்றுமில்லை. நிம்மதியாக இருந்தது.
இரண்டாவது: ஒன்றுமில்லை.
மூன்றாவது: 'மறதி'யில் நட்சத்திரம்.
நான்காவது: ஒன்றுமில்லை.
ஐந்தாவது: 'கோபம்', 'பசி', இரண்டிலும்.

தூக்குவாளிக்கும் டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

செல்வின் எட்டிப் பார்த்து, "என்ன, சீட்டு போடுதியா?" என்றார். விளக்கினேன். பாதியில் அவர் முகம் மாறியது. "இதை யாருட்டயும் சொல்லணுமா என்ன?" நல்ல மனுஷன். அவரே அப்படிக் கேட்டதுதான் வலித்தது. பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரமாகும். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அவர் ஒன்பது வருஷமாக அதற்காக ஒத்தாசை செய்கிறவர். கேட்காமல் என்ன செய்வார்?

மத்தியானம் துறை. ஆய்வாளர் அறையில் வாசனை. முருகேசனுக்கு, எனக்கு இரண்டு வருஷம் இளையவன், இன்றைக்கு நட்சத்திரம். ஜங்ஷன் வரை பைக்கில் போய் வாங்கி வந்திருக்கிறான். எதில் நட்சத்திரம் என்று கேட்டேன். "மொதல்ல நெனச்சதுல வரலைக்கா. ஆம்பளப் பிள்ளையளை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாத்தேன், விழுந்துட்டு." சந்தோஷமாகச் சிரித்தான். கையில் வாழையிலையைத் திணித்தான்.

தின்றேன். அதையும் எழுத வேண்டும். தின்றேன்.

எல்லாரும் போன பிறகு சாரிடம் சொன்னேன். வியாழன்கள், பன்னிரண்டு ஜன்னல், தூக்குவாளி, மைமூன் அக்கா. சார் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது சுடுதண்ணீர் பிளாஸ்கோடு வந்து நின்றவர்.

"ஏம்மா, எல்லாரும் இப்படித்தான செய்யுதோம். நட்சத்திரம் விழுந்தாச்சுல்லா, பெறகென்ன?"

"விழல சார். விழுற வரைக்கும் நின்னுருக்கேன்."

"அந்தம்மா மாத்திரையை நிறுத்துனதுக்கு ஆய்வு என்ன செய்யும்? டாக்டரைப் பாக்கச் சொல்லு. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தாச்சு, தெரியுமா? அடுத்த மாசம் பத்தாம் தேதி. வெளியூர்லருந்து ஆள் வாராரு. இப்பம் போயி இதைக் கிளறுனேன்னா உன் பேரு மட்டுமா கெடும்?"

அவர் கையில் இலை இருந்தது. நெய் விரலில். அவர் துடைத்துக்கொள்ளும் வரை நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பைண்டிங் கடையிலிருந்து போன்: ரெடி. போகவில்லை.

சொல்லாவிட்டால்: பட்டம், வேலை, செல்வின் முகம், சார் முகம்.
சொன்னால்: மேற்படி எதுவும் இல்லை. மைமூன் அக்கா சுவரில் அந்தத் தாள் இருக்காது. ஒருவேளை.

சாயங்காலம் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தேன். தேடியது வேறு. கிடைத்தது பேட்டைக் கோப்பு. மறந்தே போயிருந்தது. இல்லை, மறந்ததாக நடித்திருந்தேன். போன வருஷம் அறக்கட்டளைக்காகப் பேட்டையில் சில பெண்களிடம் அதே நோட்டுப் பயிற்சியை மறுபடி செய்தோம். நோட்டுக்கும் சமையலுக்கும் வித்தியாசம் இல்லை. மனச்சோர்விலும் இல்லை. அதைச் சாரிடம் காட்டவில்லை. ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. கோப்பின் மேல் நான் பென்சிலில் எழுதியிருந்தது:

'இந்தப் பெண்கள் சரியாக எழுதவில்லை. முடிவு பயன்படாது.'

மைமூன் அக்கா சொன்ன அதே வார்த்தை. அவர் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நான் அவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து, அழகாக, அடிக்கோடு போட்டு.

எத்தனை வீட்டில் மாட்டியிருக்கிறதோ அந்தத் தாள். எத்தனை பேர் தன் கண்ணில்தான் கோளாறு என்று உட்கார்ந்திருக்கிறார்களோ. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. எழுதினால் ஆறும் என்று இந்த டைரியை வைத்திருக்கிறேன். ஆறவில்லை.

ஜூன் 21, சனி

காலை 7: செய்யதம்மா போன். "மதினி நேத்துலருந்து செவத்தைப் பாத்தே உக்காந்திருக்கா. தண்ணிகூட வேண்டாங்கா."

8: மேலப்பாளையம். ஆட்டோ. நானும் செய்யதம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். மைமூன் அக்கா கைப்பையை விடவில்லை. எடை இல்லாத உடம்பு.

9 முதல்: ஆஸ்பத்திரி பெஞ்ச். சனிக்கிழமைக் கூட்டம். எங்களுக்கு முன்னால் இருந்த கிழவர் எல்லாரிடமும் மணி கேட்டுக்கொண்டிருந்தார். செய்யதம்மா சீட்டு வாங்க வரிசையில். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்.

சொல்லிவிட்டேன். புரிகிற மாதிரி.

"அக்கா, நான் குடுத்த தாள்ல இருக்கது தப்பு. அந்த நோட்டு யாருக்கும் கேக்கலை. பலதடவை கணக்குப் பாத்தேன், ஒரு தடவை தற்செயலா நல்லதா வந்துச்சு, அதை மட்டும் எழுதிட்டேன். பெறகு பேட்டையில செஞ்சு பாத்தோம், அங்கயும் கேக்கலை. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து நாளில் முதல் தடவையாக நேராக. கொஞ்ச நேரம். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் மனசு ஆறணும்னு சொல்லுதிய."

"இல்லக்கா, நெசமாவே."

"அச்சுல போட்டிருக்குல்லா டீச்சர். படிச்சவிய எல்லாம் சேந்து பாத்துத்தான போட்டிருப்பாவ. எனக்காக உங்க படிப்பையே தப்புன்னு சொல்லுதியளே. பாவம்லா நீங்க."

மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது, கிழவர் திரும்பிப் பார்த்தார். மைமூன் அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். என்னை! உண்மை என் வாயிலிருந்து வந்தது. அவர் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார். பொய்யைச் சொன்னபோது ஒரே தடவையில் நம்பியவர்.

பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். "டாக்டரு கேட்டாக் காட்டணும்னு கொண்டாந்தேன்." வாங்கிப் புரட்டினேன். முதல் மாதப் பக்கங்களில் எழுத்து. மகள் போன் போட்டாள். மழை பெய்தது. மீன் நன்றாக இருந்தது. பிறகு எழுத்து குறைகிறது. கடைசி இரண்டு மாதமும் ஒவ்வொரு நாளும் தேதி, அதன் கீழே

1.
2.
3.

வெறுமே எண்கள். பக்கம் பக்கமாக. மே முதல் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று.

"ஒண்ணும் தோணலை. ஆனா நம்பர் போட்டு வச்சேன். நீங்க என்னைக்காவது வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவியளேன்னு."

முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்பர் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். மைமூன் அக்கா: "எழுதுனாப் போதும்னு இருந்தேன். எனக்கு எழுத வரலை." நான் குறுக்கே விழுந்து, துண்டுத்தாள், ஆய்வு, நான்தான் என்று சொன்னேன். டாக்டரம்மா தலையசைத்துக்கொண்டே எழுதினார். மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார், வாரம் ஒரு தடவை வரச் சொன்னார், செய்யதம்மாவைக் கூடவே படுக்கச் சொன்னார்.

வெளியே குழாயடியில் முதல் மாத்திரை. மறுக்காமல் விழுங்கினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது சொன்னார், யாரையும் குறை சொல்லாத குரலில்: "எழுத வராதவளுக்கு மாத்திரைதான். என்ன செய்ய?"

ஜூன் 22, ஞாயிறு

கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. மணிச் சத்தம் மட்டும் கேட்டது. செல்வின் தனியாகப் போனார்.

சாருக்குக் கடிதம். நான்கு வரி. ஆய்வேட்டை இந்த வடிவில் கொடுக்க மாட்டேன், ஏழு வியாழனும் பன்னிரண்டு அளவும் பேட்டையும் சேர்த்துத் திருப்பி எழுதுவேன், நட்சத்திரம் இருக்காது. அறக்கட்டளைக்கு இன்னொன்று: தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அனுப்பிவிட்டேன். லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

சார் போன். எடுக்கவில்லை. மறுபடி போன். எடுக்கவில்லை.

செல்வின் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நெடுநேரம் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார். காப்பி கேட்கவில்லை.

நாளை முதல் போக வேண்டிய வீடுகள். பட்டியல் எடுத்து வைத்தேன். மேலப்பாளையம் முழுக்க, பிறகு பேட்டை. ஒவ்வொரு வாசலிலும் அதே வாசகம். எத்தனை பேர் முதுகைத் தடவிக் கொடுக்கப் போகிறார்களோ.

நான்கு மணிக்குச் செய்யதம்மா போன். மதினி கஞ்சி குடித்தாள், கொஞ்சம் கண்ணயர்ந்தாள், மாத்திரை போட்டாள். தாள்? "அது செவத்துலதான் இருக்கு டீச்சர், எடுக்க விட மாட்டேங்கா." பிறகு சந்தோஷமாக: "இன்னைக்கு நோட்டுல ஒண்ணு எழுதிருக்கா, ரெண்டு மாசத்துக்குப் பெறவு! வாசிக்கட்டுமா?"

வாசித்தாள்.

1. டீச்சர் எனக்காகப் பொய் சொன்னாங்க.